கரண்ட் போகேல்லை, பெரியம்மா

திரை கறுத்தது. சத்தமும் நின்றுவிட்டது. "கரண்ட் போட்டுது" என்று பெரியம்மா கதிரையை விட்டு எழும்பி, பழக்கத்தில் சாமிப்படத் தட்டிலிருக்கிற நெருப்புப்பெட்டியைத் தடவத் தொடங்கிவிட்டார். தலைக்கு மேலே ஃபான் சுத்திக்கொண்டுதான் இருந்தது. குசினி லைட்டும் எரிந்தது. ஆனாலும் அவர் கை தட்டில் நெருப்புப்பெட்டியைத் தேடிக்கொண்டே இருந்தது.

தம்பிக்கு வேறு சந்தேகம். "ஃபைல் பழுது அண்ணை, அரைகுறையாத்தான் இறங்கியிருக்கு" என்று பென் டிரைவைக் கழற்றப் போனான். நான் கையைப் பிடித்து "பொறடா" என்றேன். எனக்கு முன்னமே தெரியும், நான் ஒருமுறை பார்த்தவன். பத்துச் செக்கன் அளவு அந்தக் கறுப்பு. பிறகு பாட்டும் இல்லாமல், இசையும் இல்லாமல், பெயர்கள் ஓடத் தொடங்கின. தம்பி பெயர்களைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "இவ்வளவுதானோ?" என்றான். இரண்டரை மாதம், 86 எபிசோட், கிளிநொச்சிப் பக்கத்து வட்டக்கச்சியில் எங்கள் வீட்டு ஹோலில் இராச்சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஒன்று, சனிக்கிழமை என்றால் இரண்டு என்று பார்த்து முடித்ததற்கு அவனுக்குக் கிடைத்தது அந்தக் கறுப்பு.

த சொப்ரானோஸ் தொடரைப் பற்றித்தான் சொல்கிறேன். இனித்தான் பார்க்கப் போகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஏனென்றால் நான் கடைசிக் காட்சியைப் பற்றி மட்டும்தான் எழுதப் போகிறேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 1999 ஜனவரியில் அமெரிக்காவின் எச்பிஓவில் தொடங்கி 2007 ஜூன் 10இல் முடிந்த தொடர். நியூ ஜேர்சியில் இருக்கிற மாஃபியாத் தலைவன் ஒருவன், டோனி சொப்ரானோ. கொலை செய்வான், கொலை செய்விப்பான், பின்னேரம் வீட்டுக்கு வந்து குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து இறைச்சித் துண்டு எடுத்துச் சாப்பிடுவான், பிள்ளைகளின் படிப்புக்குக் கவலைப்படுவான். நெஞ்சை அடைத்து மயங்கி விழுவான், அதற்காக மனநல மருத்துவரிடம் போவான். முதல் எபிசோடிலேயே அவன் வீட்டு நீச்சல் குளத்தில் காட்டுத் தாராக் குடும்பம் ஒன்று வந்து தங்கிக் குஞ்சு பொரித்துவிட்டு ஒருநாள் பறந்து போய்விடும். அதோடுதான் அவன் மயங்கி விழுகிறது தொடங்கும்.

பெரியம்மா இந்தத் தொடருக்குள் வந்தது அந்தத் தாராக்களால்தான். நானும் தம்பியும்தான் பார்க்கத் தொடங்கினோம், அவர் வழமைபோல வெற்றிலைத் தட்டோடு பக்கத்தில் இருந்தார். அந்தப் பெரிய உடம்பு மனிசன் தாராக்கள் போனதை டொக்டரிடம் சொல்லும்போது கண் கலங்கி அழுகிறான், அதை நான் தமிழில் சொன்னேன். "பிள்ளைகள் போயிடும் எண்ட பயம் ராசா அவனுக்கு" என்றார் பெரியம்மா. அந்த டொக்டர் அதே முதல் எபிசோடில் கண்டுபிடிக்கிறதும் அதுதான். இங்கிலீசு ஒரு சொல் தெரியாத பெரியம்மா டொக்டரை முந்திவிட்டார். அன்றையிலிருந்து தினமும் வந்து இருப்பார். நான் சப்டைட்டிலைப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டு போவேன். அந்தக் கிளப் காட்சிகள் வரும்போது தம்பி ரிமோட்டோடு தயாராக இருந்து ஓட்டிவிடுவான். பிறகு பக்கத்து வீட்டு மாஸ்டரும் சேர்ந்துகொண்டார். கிளிநொச்சியில் வரலாறு படிப்பித்து ஓய்வு பெற்றவர், எதையும் ஆதாரத்தோடு பேச வேணும் என்கிற ஆள்.

சரி, அந்தக் கடைசிக் காட்சி.

இரவு. ப்ளூம்ஃபீல்ட் என்ற ஊரில் ஹோல்ஸ்டன்ஸ் என்ற ஐஸ்கிரீம் கடை. உண்மையாகவே இருக்கிற கடை அது. டோனி முதலில் வந்து ஒரு மேசையில் இருக்கிறான். மேசையிலிருக்கிற பாட்டுப் பெட்டியில் ஒரு பாட்டைத் தெரிவு செய்கிறான், ஜேர்னி என்ற ரொக் குழுவின் 1981ஆம் ஆண்டுப் பாட்டு. கடைக் கதவு திறக்கும்போதெல்லாம் மணி அடிக்கும், அவன் தலை நிமிர்ந்து பார்ப்பான். மனைவி கார்மெலா வருகிறாள். பிறகு மகன் வருகிறான், அவனுக்கு முன்னால் ஒரு சாம்பல் நிற ஜாக்கெட் போட்ட ஆள் உள்ளே வருகிறான். அந்த ஆள் கடைக் கவுண்டரில் இருந்துகொண்டு இவர்கள் பக்கம் ஒருதரம் பார்க்கிறான், பிறகு எழும்பி ரொய்லட் பக்கம் போகிறான். மேசைக்கு வெங்காய வளையப் பொரியல் வருகிறது. மூன்று பேரும் ஆளுக்கொன்றை முழுசாக வாய்க்குள் போடுகிறார்கள். வெளியில் மகள் மெடோ காரை விட இடம் கிடைத்து, இரண்டு காருக்கு நடுவில் பின்பக்கமாக எடுக்கப் பார்க்கிறாள், ரயர் கரையில் முட்டுகிறது. திரும்ப எடுக்கிறாள். திரும்ப முட்டுகிறது. மூன்றாம் முறைதான் சரியாக விழுகிறது. இறங்கி றோட்டைக் கடந்து ஓடி வருகிறாள். கதவு மணி அடிக்கிறது. டோனி தலை நிமிர்கிறான். பாட்டில் "நிறுத்தாதே" என்று பொருள்படுகிற இடத்தில் வரி அறுந்து, கறுப்பு.

இவ்வளவுதான். துவக்கு இல்லை, இரத்தம் இல்லை. ஆனால் பார்க்கிறவனுக்கு அந்த ஐந்து நிமிசமும் நெஞ்சு இடிக்கும், ஏனென்றால் கதவு மணி அடிக்கிற ஒவ்வொரு தரமும் யார் வருகிறார்கள் என்று நாங்களும் அவனோடு சேர்ந்து பார்க்கிறோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு அமெரிக்காவில் ஏறத்தாழ 1 கோடி 19 இலட்சம் பேர் இதைப் பார்த்தார்கள். அதில் எத்தனையோ பேர் கேபிள் அறுந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார்கள். என் மச்சான் ஒருவன் அப்போது ரொறொன்ரோவில் ஒரு பேஸ்மென்ற் அறையில் மூன்று பொடியங்களோடு இருந்தவன். அன்றிரவு தான் எழும்பிக் கேபிள் பெட்டியின் தலையில் இரண்டு தட்டுத் தட்டியதாகவும், பெயர்கள் ஓடத் தொடங்கியதும் நாலு பேரும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்ததாகவும் சொல்வான். இன்றைக்கும் அவனுக்குக் கோபம் போகவில்லை. நாங்கள் பார்த்து முடித்த இரவு வட்ஸ்அப்பில் செய்தி போட்டேன். ஒரு நிமிசத்துக்குள் குரல் பதிவு வந்தது: "எட்டு வருசம் பார்த்தனான் மச்சான், எட்டு வருசம். ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்தானே."

இதில் ஒன்றைக் கவனித்தேன். ரொறொன்ரோவில் மச்சான் கேபிளைச் சந்தேகப்பட்டான். இங்கே தம்பி ஃபைலைச் சந்தேகப்பட்டான். பெரியம்மா கரண்டை. ஆளாளை எது அடிக்கடி ஏமாற்றியதோ அதன் மேலேதான் முதல் சந்தேகம் போகிறது. பெரியம்மாவுக்குக் கரண்ட் என்பது எப்போதுமே இரவல் சாமான் மாதிரி. யுத்த காலம் முழுக்க வன்னியில் ஜெனரேற்றர் இருந்தால் வெளிச்சம், இல்லாவிட்டால் விளக்கு. மண்ணெண்ணெய்த் தடை இருந்த காலத்தில் அதுவும் அளந்துதான். சைக்கிளைக் கவிட்டு வைத்துப் பெடலைச் சுத்தி டைனமோவில் ரேடியோ கேட்ட வீடு எங்களுடையது. நான் சுத்துவேன், பெரியப்பா காதை ரேடியோவுக்குக் கிட்டே வைத்துச் செய்தி கேட்பார், கை களைத்து நான் மெதுவாகச் சுத்தினால் செய்தி வாசிக்கிறவர் குரல் தேய்ந்து போகும். எந்தச் செய்தியும் பாதியில் அறுந்து போகலாம் என்று பழகிய வீடு. பிறகு கம்பி இழுத்து மின்சாரம் வந்தது, வந்த பிறகும் 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்கள். அப்படியிருக்க, திரை கறுத்தால் அவர் நெருப்புப்பெட்டியைத் தேடாமல் வேறு என்ன செய்வார்?

2007 ஜூனில் நாங்கள் இங்கேதான் இருந்தோம். ஏ9 பாதை பூட்டி பத்து மாதமாகியிருந்தது. கிபிர் குண்டுவீச்சு விமானம் வந்தால் பங்கருக்குள் ஓடுகிற காலம். உலகத்தின் ஒரு பக்கத்தில் ஒரு கோடிக்கு மேற்பட்ட சனம் ஒரு கள்ளன் செத்தானா இல்லையா என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவர்களுடைய ஆத்திரமும் உண்மையான ஆத்திரம்தான். ஒரு மனிசனோடு எட்டு வருசம் இருந்துவிட்டு அவனுக்கு என்ன நடந்தது என்று தெரியாமல் எழும்பிப் போவது லேசான காரியம் இல்லை, அது கதைதான் என்றாலும்.

அடுத்த நாள் காலை மாஸ்டர் தேத்தண்ணிக்கு வந்தார். கையில் ஒரு கொப்பித் தாள். இரவு நித்திரை கொள்ளவில்லை போல. "அவன் செத்திட்டான். சந்தேகமே வேண்டாம்" என்று தொடங்கினார்.

அவருடைய வாதம் இது. கடைசி சீசனில் டோனியும் அவன் அக்காவின் புருசன் பொபியும் ஏரியில் வள்ளத்தில் இருந்து கதைக்கிற இடம் ஒன்று வரும். நடக்கும்போது சத்தம்கூடக் கேட்காது போல என்று பொபி சொல்வான், சாவைப் பற்றி. கடைசிக்கு முந்தின எபிசோடில், பொபி சுடப்பட்டுச் செத்த பிறகு, டோனி துவக்கோடு கட்டிலில் படுத்திருக்கும்போது அந்த வரியைத் திரும்பவும் காட்டுவார்கள். "எதுக்குத் திருப்பிக் காட்டினவங்கள்? நீர் ஒண்டை யோசியும். கடைசியிலை சத்தம் நிக்குதெல்லோ? அவனுக்குக் கேக்கேல்லை. அவன்ரை கண்ணாலை பாத்துக்கொண்டிருந்த எங்களுக்கும் கேக்கேல்லை." பிறகு அந்த சாம்பல் ஜாக்கெட்காரன். அவன் ஏன் ரொய்லட்டுக்குப் போனான்? காட்ஃபாதர் படத்தில் மைக்கேல் ரொய்லட்டுக்குள் ஒளித்து வைத்த துவக்கை எடுத்து வந்துதானே இரண்டு பேரைச் சுடுவான். டோனிக்கே மிகவும் பிடித்த காட்சி அது என்று ஆறாவது சீசனில் வருகிறது என்று, தாளில் எழுதி வைத்ததைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார். அப்புக்காத்து வழக்குப் பேசின மாதிரி இருந்தது. நான் மறுத்துப் பேசவில்லை. அவர் சொன்னதில் ஓட்டை பெரிதாக இல்லை.

தொடரை உருவாக்கி, கடைசி எபிசோடைத் தானே எழுதித் தானே இயக்கிய டேவிட் சேஸ், ஒளிபரப்பான நேரம் பிரான்சில் இருந்தார். அங்கிருந்து நியூ ஜேர்சிப் பத்திரிகை ஒன்றுக்குத் தான் இதை விளக்கவும் போவதில்லை, நியாயப்படுத்தவும் போவதில்லை என்று சொல்லிவிட்டார். வருசக் கணக்காகக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2021இல் ஒரு நேர்காணலில், தொடக்கத்தில் தன் மனதில் இருந்தது டோனி நியூயோர்க்குக்குச் சுரங்கப் பாதையால் ஒரு சந்திப்புக்குப் போய் அங்கே கொல்லப்படுகிற மாதிரி ஒரு காட்சி என்றும், பிறகு ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையைக் கண்டபோது அப்படியான ஒரு இடத்தில்தான் அது நடக்க வேணும் என்று பட்டதாகவும் சொன்னார். இதை மாஸ்டருக்குச் சொன்னேன். தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "நான் சொன்னனான்தானே" என்றார். ஆனால் முகத்தில் சந்தோசம் இல்லை. தீர்ப்புக் கிடைத்துவிட்டது, ஆனால் கண்ணால் காணவில்லை.

அவருடைய ஏக்கம் எனக்கு விளங்குகிறது. அவர் முள்ளியவளைக்காரர். சின்ன வயதில் கோவலன் கூத்துப் பார்த்து வளர்ந்தவர், பாயோடு போய் விடியவிடியப் பார்த்துவிட்டு, கண் எரிச்சலோடு பனியில் நடந்து வீட்டுக்கு வந்த கதையை இன்றைக்கும் சொல்வார். யோசித்துப் பார்த்தால் அதுவும் குற்றக் கதைதான். சிலம்பு களவு போகிறது, பொற்கொல்லன் பொய் சொல்கிறான், விசாரிக்காமல் ஒருவனை வெட்டுகிறார்கள். ஆனால் அங்கே கண்ணகி வருவாள். சபையில் சிலம்பை உடைப்பாள், உள்ளே இருந்து முத்து வராது, மாணிக்கம் தெறிக்கும், அரசன் அந்த இடத்திலேயே விழுவான். சாட்சி, தீர்ப்பு, தண்டனை எல்லாம் ஒரே இரவில், எல்லோர் கண்ணுக்கும் முன்னால். அதிலும் எங்கள் ஆட்களுக்கு மதுரை எரிந்ததோடு கதை முடியாது. கோபம் தணியாத அம்மன் கடல் கடந்து இடம் இடமாக வந்து பத்தாவதாகத் தங்கின இடம்தான் வற்றாப்பளை என்று சொல்லி, வைகாசிப் பொங்கலுக்கு இன்றைக்கும் கடல் தண்ணியில் விளக்கு எரிக்கிறோம். முடிவு என்றால் அப்படி இருக்க வேணும் என்று பழகின மனிசனுக்கு ஒரு கதவு மணியும் ஒரு கறுப்பும் எப்படிப் போதும்?

எனக்குப் போதும். அதைத்தான் தம்பியிடமும் மச்சானிடமும் ஒரு கிழமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முடிவு இல்லை, முடிவு இல்லை என்கிறார்கள், அந்த எபிசோடில் எத்தனையோ முடிவுகள் இருக்கின்றன. டோனியின் எதிரி ஃபில், பேரப்பிள்ளைகள் காருக்குள் இருக்கும்போதே பெற்றோல் செற்றில் சுடப்பட்டு விழுகிறான். அதுவும் போதாமல் ஆளில்லாமல் உருண்ட கார் அவன் தலைக்கு மேல் ஏறுகிறது. பழிக்குப் பழி வேணும் என்றவர்களுக்கு அது கிடைத்துவிட்டது. ஆனால் அந்த இரவைப் பற்றிக் கதைக்கிற எவரும் அதைக் கதைப்பதில்லை. என்னை உலுக்கியது வேறு இடம். டோனி தன் பெரியப்பன் ஜூனியரைப் பார்க்கப் போகிறான். ஒரு காலத்தில் எல்லோரையும் நடுங்க வைத்தவர், டோனியையே வயிற்றில் சுட்டவர், இப்போது அரச பராமரிப்பு நிலையம் ஒன்றில் பல்லில்லாத வாயோடு யன்னலுக்குப் பக்கத்தில் இருக்கிறார். ஆளை அடையாளம் தெரியவில்லை. நீங்களும் என் அப்பாவும் வட ஜேர்சி முழுவதையும் ஆண்டீர்கள் என்று டோனி சொல்கிறான். அப்படியா, என்று கேட்கிறார் கிழவர். ஓம் என்கிறான். அது நல்ல விசயம்தான் என்கிறார். அவ்வளவுதான், டோனி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பிப் போகிறான். இத்தனை கொலை, இத்தனை காசு, இத்தனை துரோகம் எல்லாம் கடைசியில் மறந்து போன ஒரு கிழவனின் வாயிலிருந்து வருகிற அந்தச் சின்ன வசனம். இதைவிடப் பெரிய தண்டனையை எந்தத் துவக்குக் காட்டும்? சாப்பாட்டுக் கடையில் சுட்டிருந்தாலும் சுடாவிட்டாலும் டோனியின் கதை அந்த யன்னலடியில் முடிந்துவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். மிச்சம் இருந்தது அந்த மேசை மட்டும்தான். கதவு மணி அடிக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்க்க வேண்டிய வாழ்க்கை. அதை அவன் அனுபவிக்கிறதை ஐந்து நிமிசம் எங்களையும் அனுபவிக்க வைத்தார்கள்.

டோனியாக நடித்த ஜேம்ஸ் கண்டோல்ஃபினிக்கே முதலில் பார்த்தபோது இவ்வளவு கஷ்டப்பட்டதற்கு இதுதானா என்று இருந்ததாம், ஒரு நித்திரை கொண்டு எழும்பிய பிறகுதான் இது சரியான முடிவு என்று பட்டதாகச் சொல்லியிருக்கிறார். அவர் 2013 ஜூனில் ரோமில் மாரடைப்பில் காலமானார், 51 வயது. அந்த ஐஸ்கிரீம் கடையின் அந்த மேசையையும் இருக்கையையும் 2024இல் ஏலத்தில் விட்டபோது 82,600 டொலருக்குப் போனது. கோபம் மட்டும் இருந்திருந்தால் பதினேழு வருசம் கழித்து யாரும் அந்தக் காசு கொடுக்க மாட்டார்கள்.

எல்லா முடிச்சையும் அவிழ்த்த தொடர்களும் உண்டுதான். பிரேக்கிங் பாட் 2013 செப்டெம்பர் 29இல் முடிந்தபோது ஒரு கோடிக்கு மேல் பேர் பார்த்தார்கள், கணக்கெல்லாம் தீர்த்துவிட்டுத்தான் நாயகன் சாகிறான், பெரும்பாலானவர்கள் திருப்தியோடு நித்திரைக்குப் போனார்கள். தம்பிக்கு அது பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். இலண்டனில் இருக்கிற எங்கள் மாமி குடும்பம் விழுந்து விழுந்து பார்த்த லைன் ஒஃப் டியூட்டிக்கு 2021 மே 2இல் நடந்தது மறுபக்கம். பொலிசுக்குள் இருந்து எல்லாக் குற்றத்தையும் ஆட்டி வைத்த அந்த நாலாவது ஆள் யார் என்று வருசக் கணக்காகத் தேட வைத்துவிட்டு, கடைசியில் பார்த்தால் ஒரு கெட்டித்தனமும் இல்லாத, மேலிடத்துக்குத் தலையாட்டி மேலே ஏறின ஒரு அதிகாரி. 1 கோடி 28 இலட்சம் பேர் பார்த்து, அதில் பாதிச் சனம் திட்டியிருக்கும். மாமியும் திட்டினார். எனக்கு அதுவும் உண்மையான முடிவாகத்தான் பட்டது. கொடுமை செய்தவர்களில் எத்தனை பேர் பெரிய மூளைக்காரர்? கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டவர்கள்தானே கூட.

இனிப் பெரியம்மா.

அவர் எங்களோடு வாதாடவில்லை. அன்றிரவு கரண்ட் போகேல்லை, பெரியம்மா, கதையே அப்படித்தான் என்று நான் விளங்கப்படுத்தினேன். நெருப்புப்பெட்டியைத் திரும்பத் தட்டில் வைத்தார். டோனி செத்தானா என்று கேட்கவில்லை. சாம்பல் ஜாக்கெட்காரனைப் பற்றிக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பெயர்கள் ஓடுகிறதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "அந்தப் பெட்டை உள்ளுக்கு வந்திட்டாளோ?" என்று கேட்டார்.

ஆளாளுக்கு ஒவ்வொன்று சொன்ன அந்த ஹோலில் நான் கேட்ட ஒரே சரியான கேள்வி அதுதான். இந்தப் பதினெட்டு வருசமும் உலகம் முழுக்க அந்த மேசையில் இருந்தவனைப் பற்றித்தான் சண்டை பிடித்தது. மேசையில் ஒரு இடம் காலியாக இருக்கிறது, பிள்ளை ஒன்று றோட்டைக் கடந்து ஓடி வந்துகொண்டிருக்கிறது, அது வந்து இருந்ததா?

பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணா, 2009 மே மாதம், யுத்தம் முடிந்த நேரம், வட்டுவாகல் பாலத்தடியில் இராணுவத்திடம் பெயர் பதிந்து பஸ்ஸில் ஏற்றப்பட்டவர். பஸ் வெளிக்கிட்டது வரைக்கும் பெரியம்மா கண்டவர். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலுக்கு முன்னால் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் கொட்டகை போட்டு இருக்கத் தொடங்கியபோது போனவர்களில் இவரும் ஒருவர். இப்போது முழங்கால் விடுவதில்லை, மாதத்துக்கு ஒருக்கால்தான் போகிறார். அங்கே பக்கத்தில் இருந்த பல தாய்மார் ஒன்றும் தெரியாமலே கண்ணை மூடிவிட்டார்கள். வீட்டில் இராச்சாப்பாட்டுக்கு அவர் மகனுக்கென்று கூடுதலாக ஒரு கோப்பை எடுத்து வைப்பதில்லை, அப்படியெல்லாம் இல்லை, அது படத்தில்தான் நடக்கும். ஆனால் கேற் சத்தம் கேட்டால் தலை நிமிரும். நாய் தள்ளினாலும் நிமிரும்.

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஒரு தொடரின் கடைசிக் காட்சியைச் சொல்லிக்கொண்டு வந்து இதைச் சொல்வது சரியா என்று. சொல்லத்தான் வேணும் என்று பட்டது, ஏனென்றால் எங்கே கோபப்பட வேணும் என்பதில் எனக்குத் தெளிவு வந்தது அந்தக் கேள்வியால்தான். டேவிட் சேஸுக்கு முடிவைச் சொல்லாமல் விட உரிமை இருக்கிறது. அது அவர் செய்த கதை, அந்தக் கறுப்புக்குப் பின்னால் ஒன்றும் ஒளித்து வைக்கப்படவில்லை, கமரா நின்ற பிறகு நடிகர்கள் எழும்பி வீட்டுக்குப் போனார்கள். அவரோடு மச்சான் பதினெட்டு வருசம் கோபித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஆனால் பஸ் எங்கே போனது என்பது கதை இல்லை. பெயர் பதிந்த பட்டியல் இருந்தது. உத்தரவு போட்டவர் இருந்தார். பஸ் ஓட்டினவர் இருந்தார். சொல்லத் தெரிந்தவர்கள் இருந்துகொண்டு சொல்லாமல் விடுவதைப் பார்த்துப் பழகிப்போன எங்கள் ஆட்கள், கேபிள் பெட்டியைத் தட்டாமல், ஒன்றும் பேசாமல் நெருப்புப்பெட்டியைத் திரும்ப வைத்துவிடுகிறார்கள்.

முதல் சீசனின் கடைசிக் காட்சியை நான் மறந்தே போயிருந்தேன், தம்பிதான் நினைவுபடுத்தினான். அங்கேயும் இதே குடும்பம்தான், இன்னொரு சாப்பாட்டுக் கடை. வெளியில் புயல் மழை, ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை. கடைக்காரன் மெழுகுதிரி வெளிச்சத்தில் காஸ் அடுப்பில் சமைத்துக் கொடுக்கிறான். நாலு பேரும் ஒரே மேசையில். டோனி வைன் கோப்பையைத் தூக்கி, இந்த மாதிரி நல்ல சின்ன நேரங்களை நினைவில் வைத்திருங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறான். கடைசி எபிசோடில் அந்த வசனத்தை மகன் திருப்பிச் சொல்வான், டோனிக்குத் தான் சொன்னது நினைவிருக்காது. நாங்கள் அந்த முதல் சீசன் முடிவைப் பார்த்த இரவு பெரியம்மா என்ன சொன்னார் என்று தம்பிக்கு நினைவிருக்கிறது. "கரண்ட் இல்லாட்டியும் எல்லாரும் இருக்கினம்" என்றாராம்.

போன சனிக்கிழமை இரவு, சாப்பிட்டு முடிய, அவராகவே வந்து கதிரையில் இருந்து, "அந்தக் கடைசியை ஒருக்காப் போடு ராசா" என்றார். தம்பி போட்டான். மாஸ்டர் அன்று வரவில்லை. டோனி வந்து இருந்தான், பாட்டுத் தொடங்கியது, கார்மெலா வந்தாள், ஜாக்கெட்காரன் வந்தான். பெரியம்மா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார், நிமிர்ந்து பார்க்கவில்லை. மெடோவின் கார் வந்ததும் கை நின்றது. முதல்தரம் ரயர் முட்டியது. இரண்டாம்தரம் முட்டியது. "ஆறுதலா விடு பிள்ளை, இடம் கிடக்கு" என்று திரையைப் பார்த்துச் சொன்னார். மூன்றாம்தரம் கார் உள்ளே விழுந்தது. அவள் கதவைத் திறந்து இறங்கினாள், றோட்டில் வந்த காருக்கு நின்று விலகினாள், பிறகு ஓடத் தொடங்கினாள்.

"இதிலை நிப்பாட்டு" என்றார்.

தம்பி நிப்பாட்டினான். பெரியம்மா வெற்றிலையை மடித்து வாய்க்குள் வைத்துக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி எழும்பி, படுக்கப் போனார். தம்பி ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். திரையில் அவள் றோட்டின் நடுவில், ஒரு கால் தரையிலும் ஒரு கால் காற்றிலுமாக நின்றாள். மேலே ஃபான் சுத்திக்கொண்டிருந்தது.